இருபது ரூபாய் முத்திரைத்தாளில் விவாகரத்து இல்லை

கணவன் மனைவிக்குள் பிரிவு என்று வந்ததும் நம் ஊர்களில் முதலில் வாங்கப்படுவது ஒரு இருபது ரூபாய் முத்திரைத்தாள். “இருவரும் மனமொத்துப் பிரிகிறோம், இனி ஒருவர்மேல் ஒருவர் எந்த உரிமையும் கோர மாட்டோம், அவரவர் விருப்பப்படி மறுமணம் செய்துகொள்ள ஆட்சேபணை இல்லை” என்று டைப் அடிப்பார்கள். இருதரப்புப் பெரியவர்கள் நாலு பேர் சாட்சிக் கையெழுத்துப் போடுவார்கள். நோட்டரி முத்திரையும் விழுந்துவிட்டால் காரியம் முடிந்தது என்று நினைக்கிறார்கள். முடியவில்லை. அந்தத் தாளுக்குப் பிறகும் சட்டப்படி அவர்கள் கணவன் மனைவிதான்.

இந்து திருமணச் சட்டம் 1955-இன் 29(2) பிரிவு, வழக்காற்றின்படி நடக்கும் விவாகரத்தைக் காப்பாற்றித்தான் வைத்திருக்கிறது. “எங்கள் சாதியில் அத்து விடும் வழக்கம் உண்டு” என்று சொல்பவர்கள் இதை நம்பித்தான் சொல்கிறார்கள். ஆனால் அந்த வழக்கம் நெடுங்காலமாக, இடைவிடாமல் இருந்துவருகிறது என்று அதைச் சொல்பவரே கோர்ட்டில் சாட்சிகளோடு நிரூபிக்க வேண்டும். பெரும்பாலும் நிரூபணம் அங்கேயே விழுந்துவிடும். அதற்குள் மறுமணம் நடந்திருந்தால் அந்தத் திருமணம் செல்லாது. புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா 82-ஆம் பிரிவின்படி அது 7 ஆண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றமும்கூட. கணவர் அரசு ஊழியராக இருந்து இறந்துபோனால், இரண்டாவதாக வந்த பெண் குடும்ப ஓய்வூதியத்துக்கு எழுதிப்போடும்போது அலுவலகம் கேட்பது முந்தைய திருமணத்தை முறித்த கோர்ட் தீர்ப்பின் நகலைத்தான். அந்த நாளில் இருபது ரூபாய்த் தாளை நீட்டினால் வாங்க மாட்டார்கள். இத்தனை வருடம் குடும்பம் நடத்தியவள் வெறுங்கையோடு நிற்க வேண்டியதுதான்.

மற்ற மதத்தவருக்கும் இதே எச்சரிக்கை உண்டு. முஸ்லிம் பெண் குலா, அதாவது மனைவி கேட்டுப் பெறும் விவாகரத்து, பெற விரும்பினால் குடும்ப நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும், ஷரீயத் கவுன்சில் போன்ற தனியார் அமைப்புகள் தரும் சான்றிதழ் செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2023-இல் சொல்லிவிட்டது. கிறிஸ்தவர்களுக்குச் சபை தரும் திருமண ரத்து, சபைக்குள் மட்டுமே பொருந்தும். சட்டப்படி திருமணம் முடிய 1869-ஆம் ஆண்டு விவாகரத்துச் சட்டத்தின்கீழ் கோர்ட் தீர்ப்பு வேண்டும்.

ஆகவே கோர்ட்டுக்குப் போயாக வேண்டும். எங்கே போவது? குடும்ப நீதிமன்றம் உள்ள மாவட்டத்தில் அங்கே. இல்லாத இடத்தில் சார்பு நீதிமன்றம், அதாவது மக்கள் சப் கோர்ட் என்று சொல்வது. மனைவிக்கு ஒரு முக்கியமான வசதி இருக்கிறது. 2003-இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, தான் இப்போது குடியிருக்கும் ஊரிலேயே அவள் மனுப் போடலாம். பிறந்த வீடு தென்காசியில் என்றால், கல்யாணம் சென்னையில் நடந்திருந்தாலும் தென்காசிப் பக்கமே வழக்கு நடத்தலாம். கணவனுக்கு அந்த வசதி இல்லை. கல்யாணம் நடந்த ஊர், கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்த ஊர், மனைவி இப்போது இருக்கும் ஊர் என்ற மூன்றில் ஒன்றுதான் பொதுவாக. அவன் தூரத்தில் போட்டுவிட்டால், மாநிலத்துக்குள் வழக்கை மாற்றித் தர உயர் நீதிமன்றத்தையும், வேறு மாநிலம் என்றால் உச்ச நீதிமன்றத்தையும் கேட்கலாம். கைக்குழந்தை, வருமானமின்மை, துணைக்கு ஆளில்லாமை ஆகியவற்றை மாற்று மனுவில் தெளிவாக எழுத வேண்டும்.

“வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் எங்கே?” என்று கேட்டுக்கொண்டே வருடக்கணக்கில் உட்கார்ந்திருக்கும் பெண்களுக்காக இதை அழுத்தி எழுதுகிறேன். சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் 1987-இன் 12-ஆம் பிரிவின்படி எந்தப் பெண்ணுக்கும் இலவச வக்கீல் உண்டு. வருமான வரம்பு கிடையாது. வேலைக்குப் போகும் பெண்ணும் கேட்கலாம். குழந்தைகளுக்கும், பட்டியல் சாதி மற்றும் பழங்குடியினருக்கும், மாற்றுத்திறனாளிகளுக்கும் இதே உரிமை உண்டு. மற்ற ஆண்களுக்கு வருமான வரம்பு பார்ப்பார்கள். ஒவ்வொரு மாவட்ட நீதிமன்ற வளாகத்திலும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, தாலுகா கோர்ட்டில் வட்டச் சட்டப் பணிகள் குழு இருக்கிறது. ஒரு வெள்ளைத்தாளில் நடந்ததைச் சுருக்கமாக எழுதி, ஆதார் நகலோடு கொடுத்தால் போதும். எழுதத் தெரியாவிட்டால் அங்கே உள்ளவர்களே எழுதிக்கொள்ள வேண்டும். 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்தும் கேட்கலாம். ஒதுக்கப்பட்ட வக்கீல் தனியாகப் பணம் கேட்டாலோ வாய்தாவுக்கு வராமல் இருந்தாலோ, ஆணைக்குழுச் செயலாளரிடம் எழுத்தில் புகார் கொடுத்து வேறு வக்கீல் கேளுங்கள். அந்தச் செயலாளர் ஒரு நீதிபதி.

சொந்தமாக வக்கீல் வைப்பவர்கள் மூன்று விஷயம் தெரிந்துகொள்ளுங்கள். “வருகிற ஜீவனாம்சத்தில் இத்தனை சதவீதம் எனக்கு” என்று கட்டணம் பேசுவது பார் கவுன்சில் விதிப்படி கூடாது. வக்காலத்தைத் தவிர வேறு எந்த வெற்றுத்தாளிலும் கையெழுத்துப் போட்டுக் கொடுக்காதீர்கள். வக்கீலை மாற்ற நினைத்தால் தாராளமாக மாற்றலாம். ஃபீஸ் பாக்கியைக் காட்டி வழக்குக் காகிதக் கட்டைத் தர மறுக்க வக்கீலுக்கு உரிமையில்லை என்று உச்ச நீதிமன்றம் 2000-ஆம் ஆண்டிலேயே தீர்ப்பளித்திருக்கிறது. பாக்கிக்கு அவர் தனியே வழக்குப் போடலாம், உங்கள் காகிதங்களைப் பிடித்துவைக்க முடியாது.

வக்கீலைப் பார்க்கப் போகும்போது கையில் என்ன இருக்க வேண்டும்? அழைப்பிதழ், தாலி கட்டும் போட்டோ, பதிவுச் சான்றிதழ் இருந்தால் அது. பதிவு செய்யவில்லை என்பதற்காகத் திருமணம் இல்லாமல் போய்விடாது. சுயமரியாதைத் திருமணமானாலும் இந்து திருமணச் சட்டத்தின் 7ஏ பிரிவின்படி செல்லும். இருவரின் முகவரிச் சான்று, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், ஸ்கூல் ஃபீஸ் ரசீதுகளும் வேண்டும். இவற்றோடு ஒரு நோட்டில் தேதிவாரியாக நடந்ததை எழுதுங்கள். “அடிக்கடி அடித்தார்” என்ற வரியால் கோர்ட்டில் ஒரு பயனும் இல்லை. எந்தத் தேதி, எந்த வீடு, யார் பார்த்தார்கள், எந்த ஆஸ்பத்திரியில் காட்டினீர்கள், ஸ்டேஷனில் புகாருக்குக் கொடுத்த சிஎஸ்ஆர் ரசீது நம்பர் என்ன என்று இருந்தால்தான் அது சாட்சியம். மனுவில் இல்லாத சம்பவத்தைப் பிறகு சாட்சிக் கூண்டில் சொன்னால் ஏற்கமாட்டார்கள். கொடுமை என்ற காரணத்தில் போடப்படும் மனுக்கள் பல தோற்பதற்கு மொட்டையாக எழுதப்பட்ட மனுவே காரணம்.

நகைக்குத் தனிப் பக்கம் ஒதுக்குங்கள். தாலிக்கொடி, ஆரம், வளையல் என்று ஒவ்வொன்றாக எழுதி, எத்தனை கிராம், எந்தக் கடை பில், யார் போட்டது, இப்போது எங்கே இருக்கிறது என்று எதிரே குறியுங்கள். அடகு வைத்திருந்தால் சீட்டின் நகல் வேண்டும். லாக்கரில் என்றால் எந்த பேங்க், யார் பெயரில் என்று எழுதுங்கள். பெண்ணுக்குப் போட்ட நகையும் சீரும் அவளுடைய தனிச்சொத்து என்பது 1985 முதல் உச்ச நீதிமன்றம் உறுதியாகச் சொல்லிவருவது. ஆனால் “எழுபது சவரன் போட்டோம்” என்று வாயால் சொல்லிவிட்டு, பத்து சவரனுக்குத்தான் பில் காட்ட முடிந்தால் மீதி அறுபதுக்கும் சந்தேகம் வந்துவிடும். பில் இல்லாததற்குக் கல்யாண ஆல்பத்தில் அந்த நகை தெரியும் போட்டோவைக் குறித்துக் காட்டுங்கள்.

வாட்ஸ்அப் செய்திகளை ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டு போனை மாற்றிவிடாதீர்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63-ஆம் பிரிவின்படி மின்னணுச் சாட்சியத்தோடு சான்றிதழ் தர வேண்டும். அந்தப் படிவம் இரண்டு பாகம், கருவியின் விவரமும் ஹேஷ் மதிப்பும் (கோப்பு மாற்றப்படவில்லை என்று காட்டும் எண்) கேட்கும். மூல போன் இருந்தால்தான் அதை ஒழுங்காக நிரப்ப முடியும்.

அடுத்து, எந்த மனுவை முதலில் போடுவது. இங்கேதான் கோபம் புத்தியை மறைக்கிறது. வீட்டை விட்டுத் துரத்தப்பட்டு, கையில் காசில்லாமல் நிற்பவளுக்கு உடனே வேண்டியது விவாகரத்து இல்லை. சாப்பாடும் இருக்க இடமும்தான் முதலில். அதற்குக் குடும்ப வன்முறைச் சட்டம் 2005 இருக்கிறது. 12-ஆம் பிரிவின்கீழ் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் மனுப் போட்டால் சாதாரணமாக 3 நாளுக்குள் முதல் விசாரணைத் தேதி தர வேண்டும். அடிக்கக்கூடாது என்ற பாதுகாப்பு உத்தரவு, வீட்டில் இருக்கும் உரிமை, மாதச் செலவு, பிள்ளையைத் தற்காலிகமாக ஒப்படைப்பது எல்லாம் அந்த ஒரே மனுவில் கேட்கலாம். வீடு மாமனார் பேரில் இருக்கிறது, உனக்கு உரிமை இல்லை என்பார்கள். சேர்ந்து குடியிருந்த வீடு கணவனின் உறவினர் பேரில் இருந்தாலும் குடியிருப்பு உரிமை கோரலாம் என்று 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. சமூக நலத்துறையின் கீழ் மாவட்டந்தோறும் பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார். வக்கீல் இல்லாமலே அவர் வழியாக மனுப் போகலாம். 181-க்குப் போன் செய்தால் வழி சொல்வார்கள்.

ஜீவனாம்சத்துக்கு இரண்டு கதவுகள். ஒன்று, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆம் பிரிவு, இப்போது அதன் இடத்தில் வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144. மற்றொன்று, விவாகரத்து வழக்கு நடந்துகொண்டிருந்தால் இந்து திருமணச் சட்டத்தின் 24-ஆம் பிரிவு. 24-ஐக் கணவனும் கேட்கலாம். இரண்டு மனுக்களும் போடலாம், ஆனால் ஒன்றில் வந்த உத்தரவை மற்றொன்றில் மறைக்கக் கூடாது. மறைத்தது தெரிந்தால் அதன்பின் நீங்கள் சொல்லும் உண்மைக்கும் மதிப்பிருக்காது. முஸ்லிம் பெண்களும், விவாகரத்தான பிறகும், பழைய 125-இன்கீழ் கேட்கலாம் என்று 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் மறுபடியும் உறுதி செய்தது.

ஜீவனாம்ச வழக்கில் தலையெழுத்தைத் தீர்மானிப்பது சொத்து, கடன் விவரப் பிரமாணப் பத்திரம். ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் 2020 நவம்பர் 4 அன்று உச்ச நீதிமன்றம் இதை இருதரப்புக்கும் கட்டாயமாக்கியது. எதிர்தரப்பு அதிகபட்சம் 4 வாரத்தில் தாக்கல் செய்ய வேண்டும். இரண்டு வாய்ப்புக்கு மேல் தரக்கூடாது என்றும் தீர்ப்பில் இருக்கிறது. நடைமுறையில் வாய்தா மேல் வாய்தா போகிறதென்றால், உங்கள் வக்கீல் அந்தப் பத்தியைக் காட்டிக் கேட்கவில்லை என்று அர்த்தம். ஜீவனாம்சம் மனுப் போட்ட தேதியிலிருந்தே கணக்கு என்பதும் அதே தீர்ப்புதான். அதனால் “பேச்சுவார்த்தை முடியட்டும்” என்று தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் உங்களுக்கு நஷ்டம்.

இந்தப் பத்திரத்தை எப்படிப் படிப்பது என்று ஒரு உதாரணம். கணவர் சம்பளம் 38,000 என்று எழுதி, கையில் வருவது 14,000 என்று காட்டியிருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிடித்தம் என்ன என்று பாருங்கள். வருமான வரி, பி.எஃப். போன்றவை நியாயமான கழிவு. ஆனால் சொசைட்டி லோன், பர்சனல் லோன், தானாக ஏற்றிக்கொண்ட சேமிப்பு எல்லாம் கழிவாகாது என்று வாதாட வேண்டும். அந்த லோன் எந்தத் தேதியில் வாங்கியது? நோட்டீஸ் போன பிறகு என்றால் அதுவே உங்கள் சாட்சி. பேங்க் ஸ்டேட்மென்டில் மாதாமாதம் ஒரே தொகை ஒரே ஆளுக்குப் போகிறதா, வாடகை உள்ளே வருகிறதா, சம்பளக் கணக்கில் ஏடிஎம்மில் பணமே எடுக்காமல் இருக்கிறாரா என்று பாருங்கள். எடுக்கவில்லை என்றால் செலவுக்கு வேறு கணக்கு இருக்கிறது. நிலம் இல்லை என்று எழுதியிருந்தால் சர்வே நம்பரை வைத்துப் பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கத்தை நீங்களே பார்க்கலாம். பட்டா, சிட்டாவும் இணையத்தில் கிடைக்கும். மனைவியின் பத்திரத்துக்கும் இதே கண்டிப்புதான். தையல் வருமானம் வருகிறதென்றால் எழுதுங்கள். வருமானம் இருப்பதாலேயே ஜீவனாம்சம் பறிபோகாது, பொய் சொன்னால் போகும்.

உத்தரவு வாங்கியபின் சும்மா இருப்பது அடுத்த பெரிய தவறு. 144-இன்கீழ் பாக்கி வசூலுக்கு, தொகை செலுத்த வேண்டிய நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் மனுப் போட வேண்டும். மூன்று வருடம் பொறுத்திருந்து மொத்தமாகக் கேட்டால் கடைசிப் பன்னிரண்டு மாதம்தான் இந்த வழியில் கிடைக்கும். காலண்டரில் குறித்து, பத்து மாதத்துக்கு ஒருமுறையாவது மனுப் போட்டுவிடுங்கள்.

“சேர்ந்து வாழ வா” என்று கேட்கும் இந்து திருமணச் சட்டத்தின் 9-ஆம் பிரிவு மனு வந்தால் அலட்சியமாக விடாதீர்கள். அதில் தீர்ப்பாகி ஒரு வருடம் சேர்ந்து வாழவில்லை என்றால், அதுவே விவாகரத்துக்குக் காரணமாகிவிடும். ஏன் போக முடியவில்லை என்பதைப் பதிலில் எழுதுங்கள். அப்படித் தீர்ப்பு வந்துவிட்டாலும், நியாயமான காரணத்தால் போகாத மனைவிக்கு ஜீவனாம்சம் உண்டு என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது.

கோர்ட் ஊழியரான அமீனா கொண்டுவரும் சம்மனை வாங்க மறுத்தால் வழக்கு நின்றுவிடாது. மறுத்ததாக எழுதி, கதவில் ஒட்டி, நீங்கள் இல்லாமலே எக்ஸ்பார்ட்டி தீர்ப்பு ஆகும். அப்படி ஆகியிருந்தால் ரத்து செய்யக் கேட்க 30 நாள். சம்மன் உண்மையிலேயே வரவில்லை என்றால் தெரிந்த நாளிலிருந்து 30 நாள். தாண்டினால் தாமத மன்னிப்பு மனு சேர்த்துப் போட வேண்டும். வழக்கின் 16 இலக்கத் தனி அடையாளமான சிஎன்ஆர் எண்ணை வாங்கி இ-கோர்ட்ஸ் செயலியில் போட்டு வைத்துக்கொண்டால், அடுத்த வாய்தா என்றைக்கு என்று யாரையும் கெஞ்ச வேண்டாம்.

கவுன்சலிங்கும் மீடியேஷனும் வெறும் சடங்கு என்று பலர் நினைக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. சேர்த்துவைக்க முடியாவிட்டாலும், எந்த விஷயத்தில் உண்மையான சண்டை என்று அங்கே தெரிந்துவிடும். அங்கே பேசியது ரகசியம், வழக்கில் சாட்சியமாகாது. ஆனால் அன்றைக்கே கையெழுத்துப் போடச் சொன்னால், வீட்டில் படித்துவிட்டு அடுத்த தேதியில் போடுகிறேன் என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

பரஸ்பர சம்மத விவாகரத்து இந்து திருமணச் சட்டத்தின் 13பி பிரிவில் வருகிறது. குறைந்தது ஒரு வருடம் பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும். மனுப் போட்டபின் 6 மாதம் கழித்து, 18 மாதத்துக்குள் இருவரும் மறுபடி வந்து சம்மதம் சொல்ல வேண்டும். 2017-இல் அமர்தீப் சிங் வழக்கின் தீர்ப்புக்குப் பிறகு அந்த 6 மாதத்தைத் தள்ளுபடி செய்யக் கேட்கலாம். மனுப் போடுவதற்கு முன்பே ஒன்றரை வருடம் பிரிந்திருந்து, சமரச முயற்சி தோற்று, ஜீவனாம்சமும் பிள்ளை விஷயமும் முடிவாகியிருக்க வேண்டும். முதல் மனுவுக்கு ஒரு வாரம் கழித்து அந்த மனுவைப் போடலாம். தீர்ப்பு வரும்வரை எவரும் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம். பணத்தை எப்போது கொடுப்பது என்பதில் கவனம் வேண்டியது இதனால்தான். முழுத் தொகையும் முதல் நாளே கொடுத்தவர், எதிர்தரப்பு மனம் மாறினால் திண்டாடுவார். ஒன்றுமே வாங்காமல் கிரிமினல் புகாரை வாபஸ் வாங்கியவளும் திண்டாடுவாள். ஒரு பகுதி முதல் கையெழுத்தில், மீதி டிமாண்ட் டிராஃப்டாக இரண்டாவது சம்மத நாளில் நீதிபதி முன்னால் என்று எழுதுங்கள், டிடி எண்ணோடு. வரதட்சணைக் கொடுமை வழக்கு இருந்தால், அதை ரத்து செய்ய உயர் நீதிமன்றத்தில் தனி மனு வேண்டும். விவாகரத்துத் தீர்ப்பால் அது தானாகப் போகாது. யார் மனுப் போடுவது, எத்தனை நாளுக்குள், அதற்கு எவ்வளவு நிறுத்திவைப்பது என்பதையும் எழுதுங்கள்.

வீடோ மனையோ கொடுப்பதாகப் பேச்சு என்றால், தீர்ப்பு வருமுன் செட்டில்மென்ட் பத்திரமாகப் பதிந்துவிடுவது நல்லது. குடும்ப உறுப்பினருக்கான சலுகைக் கட்டணம் கணவன் மனைவியாக இருக்கும்வரைதான். தீர்ப்புக்குப் பிறகு பதியப் போனால் செலவு பல மடங்கு.

பிள்ளையின் ஜீவனாம்சத்தை மட்டும் எந்த ஒப்பந்தத்திலும் விட்டுக்கொடுக்காதீர்கள். அது பிள்ளையின் உரிமை, தாய் கையெழுத்துப் போட்டாலும் போகாது. ஐந்து வயதுக்குள் சாதாரணமாகத் தாயிடம்தான் என்று 1956-ஆம் ஆண்டு இந்து மைனர் மற்றும் காப்பாளர் சட்டம் சொல்கிறது. அதற்குமேல் பிள்ளையின் நலனே அளவுகோல். “வார இறுதியில் பார்க்கலாம்” என்று பொதுவாக எழுதினால் ஒவ்வொரு சனிக்கிழமையும் சண்டைதான். எந்தக் கிழமை, எத்தனை மணி முதல் எத்தனை மணி, யார் கொண்டுவிடுவது, தீபாவளி, பொங்கல் யாரிடம், மே மாத விடுமுறை எப்படிப் பிரிப்பது, பாஸ்போர்ட்டுக்குக் கையெழுத்து, ஸ்கூல் மாற்றம் எல்லாவற்றையும் எழுதுங்கள். இந்தப் பக்கம் நீளமாக இருக்கட்டும். பிள்ளை இரண்டு வீட்டுக்கும் நடுவில் நின்று தேம்பாமல் இருக்க இதுதான் உதவும்.

தீர்ப்பானதும் சான்றிட்ட நகலுக்கு உடனே நகல் மனுப் போடுங்கள். எதிர்த்து நடந்த வழக்கில் மேல்முறையீட்டுக் காலம் குடும்ப நீதிமன்றச் சட்டத்தில் 30 நாள், இந்து திருமணச் சட்டத்தில் 90 நாள். மேல்முறையீடு செய்பவர் 30 நாளையே கெடுவாக வைத்துக்கொள்ளட்டும். மறுமணம் செய்பவர் 90 நாள் கடந்து, உயர் நீதிமன்றத்தில் எதுவும் தாக்கலாகவில்லை என்று பார்த்துவிட்டே தேதி குறிக்கட்டும். அதன்பின் அந்த நகலை வைத்துக்கொண்டு ரேஷன் கார்டில் பெயர் நீக்கம், பி.எஃப்., எல்.ஐ.சி., பேங்க் நாமினி மாற்றம் எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் முடித்துவிடுங்கள். நாமினி பெயர் தானாக மாறாது, நீங்கள் போய் எழுதிக் கொடுத்தால்தான் மாறும்.